அத்தைக்கு மலையில் மூச்சு முட்டுமா?

மதுரைக்குத் தெற்கே ஓர் ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். நான்கு பக்கக் கடிதம், சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 41. அவருடைய தங்கை கோத்தகிரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். தங்கை கணவருக்கு அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, தொழிற்சாலை கொடுத்த வீடு. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அக்கா ஒரு தடவைகூட வந்து தங்கவில்லை என்று தங்கைக்குத் தீராத குறை. அதனால் இந்த மே மாதம் ஆறு நாள் வருவதாகச் சொல்லியாகிவிட்டது. போகிறவர்கள் நான்கு பேர்: வாசகி, கார் ஓட்டப்போகிற கணவர், ஒன்பது வயது மகன், அப்புறம் 67 வயது மாமியார்.

மாமியாருக்குப் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் கலவை இன்சுலின் போடுகிறார், பிரஷருக்கும் மாத்திரை உண்டு. மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.6 சதவீதம், போன வாரம் பிரஷர் 138/84. மூட்டு வலியைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. தினமும் கோயிலுக்கு நடக்கிறார், மாடியில் வடகம் காயப்போடுகிறார், இரண்டு வருஷத்துக்கு முன் துபாயில் இருக்கும் மகளைப் பார்க்க விமானத்தில் போய்வந்திருக்கிறார். ஆனால் கோத்தகிரி என்றதும், "மலையில காத்து கம்மி, எனக்கு மூச்சு முட்டும். நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்கிறார். வாசகி பயந்துபோய், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்றும், 900 ரூபாய்க்கு ஓர் ஆக்சிஜன் கேனும் ஆன்லைனில் வாங்கிவிட்டார்.

மகனுக்கு மலைப்பாதை வாந்தி. போன தடவை கொடைக்கானல் போனபோது வத்தலக்குண்டு தாண்டித் தொடங்கியது, பெருமாள்மலை வரை நிற்கவில்லையாம். இந்த முறை வெறும் வயிற்றோடு பின்சீட்டில் படுக்கவைத்து, கையில் போனைக் கொடுத்துவிடுவதாகத் திட்டம். கணவரின் அலுவலக நண்பர் ஒருவர், குளிருக்குப் பெரியவருக்கு ஒரு மூடி பிராந்தியைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் போதும் என்று யோசனை சொல்லியிருக்கிறார். தங்கையோ, "பயப்படாதக்கா, ரூமுக்குள்ள கரி அடுப்பு வச்சிடலாம்" என்கிறார். கடைசியாக, "விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, ஆறு நாள் தங்குவது சரியா?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டேதான் படித்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிப்பு முடிந்த புதிதில் அந்த மலைகளில் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் டாக்டராக இருந்தேன். சமவெளியிலிருந்து வரும் உறவுக்காரர்கள் மே மாதத்தில் என்னென்ன பயத்தோடு வந்து இறங்குவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அவர்கள் பயந்த எதற்கும் நான் வைத்தியம் பார்த்ததாக நினைவில்லை. பயப்படாததற்குத்தான் பார்த்தேன்.

உங்கள் அத்தையை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் கிளம்புவதற்கு முன் அவருடைய வழக்கமான டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், கோத்தகிரி போகக்கூடாத உடம்பு இல்லை அது.

காற்று எவ்வளவு குறையும்?

மலையில் காற்றில் ஆக்சிஜன் பங்கு குறைந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குறையாது. கடற்கரையிலும் 21 சதவீதம்தான், தொட்டபெட்டா உச்சியிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கோத்தகிரி ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. நல்ல நுரையீரலும் இதயமும் உள்ளவர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள், பெரும்பாலும் தெரியக்கூடத் தெரியாது. உயர நோய் என்று சொல்வது பொதுவாக எட்டாயிரம் அடிக்கு மேல்தான் வரும். லே, லடாக் போகிறவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் அது, அந்த ஊர் பதினோராயிரம் அடியைத் தாண்டியது.

உங்கள் கடிதத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். ஆக, உங்கள் அத்தை துபாய் போகும்போது நாலு மணி நேரம், வரும்போது நாலு மணி நேரம், கோத்தகிரி உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, தூங்கி, பக்கத்து சீட்காரரிடம் பேசிவிட்டும் வந்திருக்கிறார். மூச்சு முட்டவில்லையே!

அந்தக் கேன் வேண்டாம். நிஜமாகவே ஆக்சிஜன் தேவைப்படும் ஒருவருக்குச் சில நிமிஷத்தில் தீர்ந்துபோகும் கேன் உதவாது, தேவைப்படாதவருக்கு எதற்கு? விரல் மீட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த உயரத்தில் 94, 95 என்று காட்டினால் அது சாதாரணம். விரல் ஜில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு அவர் விரலைத் தேடிப் பிடித்து மாட்டிப் பார்த்து, 92 என்று கத்தி, ஊரையே எழுப்புவீர்கள்.

போகக்கூடாதவர்கள், அல்லது டாக்டரிடம் கேட்காமல் போகக்கூடாதவர்கள் உண்டு. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமாகிக் கால் வீங்குகிறவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறவர்கள், இரத்தசோகை மிக அதிகமாக உள்ளவர்கள். உங்கள் அத்தை வடகம் காயப்போட மாடி ஏறுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறியதும் நின்று மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு அது எந்த மீட்டரையும்விட நம்பகமான சோதனை.

அப்படியானால் ஏன் வரமாட்டேன் என்கிறார்?

கடிதத்தின் மூன்றாம் பக்க ஓரத்தில், பேச்சோடு பேச்சாக நீங்கள் எழுதிய இரண்டு வரி இருக்கிறது. ஒன்று, தங்கையோடு போனில் பேசும்போது அத்தை இரண்டு தடவை, "பாத்ரூம் வீட்டுக்குள்ளதானம்மா?" என்று கேட்டார். இன்னொன்று, பயண நாளில் பிரஷர் மாத்திரை போடமாட்டேன் என்கிறார், போட்டால் அடிக்கடி ஒண்ணுக்கு வருமாம், வழியில் எங்கே போவது என்று கேட்கிறாராம்.

எனக்கு நோய் எங்கே இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. 67 வயது, சர்க்கரை, மூட்டு வலி. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பவர். போகப்போவது சொந்த மகள் வீடும் இல்லை, மருமகளின் தங்கை வீடு. சம்பந்தி வீட்டில், முன்னே பின்னே பழக்கமில்லாத மாப்பிள்ளை படுத்திருக்கும் கூடத்தைத் தாண்டி, ராத்திரி மூன்று மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு போக வேண்டுமே என்று யோசித்திருக்கிறார். தரையில் பதித்த கக்கூஸாக இருந்தால் உட்கார்ந்து எழ முடியாதே என்றும் யோசித்திருக்கிறார். இதையெல்லாம் மகனிடம் சொல்லவா முடியும்? மூச்சு முட்டும் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் வெட்கத்தை வியாதியாக்கித்தான் சொல்வார்கள்.

அதனால் அவரிடம் ஆக்சிஜனைப் பற்றிப் பேசாதீர்கள். தங்கையிடம் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: கழிப்பறை வீட்டோடு சேர்ந்ததா, மேல்நாட்டுக் கோப்பையா, அத்தை படுக்கப்போகும் அறையிலிருந்து எத்தனை அடி. தரைக் கக்கூஸ் என்றால், சர்ஜிகல் கடைகளில் மடக்கும் கமோடு நாற்காலி கிடைக்கும், டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். கழிப்பறைக்கு அருகில் இருக்கும் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, இரவு பூராவும் எரிகிற சின்ன விளக்கு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். பழைய எஸ்டேட் வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறம் தனியாக இருப்பதுண்டு. அப்படி இருந்தால் நிலைமை வேறு. அந்தப் பக்கம் இரவில் கரடி வரும், காட்டுமாடு வரும். காட்டெருமையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்காரர்களே இருட்டியபிறகு யோசித்துத்தான் கதவைத் திறப்பார்கள். அப்படிப்பட்ட வீடானால் அறைக்குள்ளேயே அந்த நாற்காலியைப் போட்டுவிடுங்கள். அத்தையிடம் இதை நீங்கள் தனியாக, கணவர் இல்லாத நேரத்தில், "எல்லாம் கேட்டுட்டேன் அத்தை, ஏற்பாடு பண்ணியாச்சு" என்று சொல்லிப் பாருங்கள். மூச்சு முட்டல் பாதி அங்கேயே குறையும் என்று நினைக்கிறேன்.

மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடாது. நீங்கள் அனுப்பிய சீட்டைப் பார்த்தேன், அது நீர் பிரியும் மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை. அவர் சொல்வது சரிதான், போட்டால் சில மணி நேரம் அடிக்கடி வரத்தான் செய்யும். ஆனால் குளிரில் பிரஷர் சற்று ஏறும், அந்த நாளில் பார்த்து மாத்திரையை விடுவது சரியல்ல. பயண நாளில் மட்டும் காலையில் போடாமல் வீடு போய்ச் சேர்ந்ததும் போடலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். தண்ணீர் குடிக்காமல் வருவதும் வேண்டாம். மலை ஏறுவதற்கு முன் மேட்டுப்பாளையத்தில் நல்ல ஹோட்டல் ஒன்றில் அரை மணி நேரம் நிறுத்துங்கள்.

விருந்துக்கு மூன்று நாள் கணக்கு இருக்கட்டும். மருந்துக்கு அந்தக் கணக்கு பழைய காலத்தது. பிரஷர் மாத்திரைக்கு மூன்று நாளும் இல்லை, லீவும் இல்லை.

இன்சுலின் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு

மருந்து கெட்டுப்போகும் என்றால் அது கோத்தகிரியில் கெடாது, திண்டுக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் நடுவில் வெயிலில் நிற்கும் காரில்தான் கெடும். டிக்கியில் வைக்காதீர்கள். கைப்பையில், ஈரத்துணி சுற்றிய டப்பாவில், ஆள் இறங்கும்போது கூடவே இறங்க வேண்டும். ஐஸ் கட்டியின்மேல் நேரடியாக வைத்து உறைய விட்டுவிட்டால் அந்த மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மேலே போய்ச் சேர்ந்ததும், உபயோகத்தில் இருக்கும் பாட்டில் ஃபிரிட்ஜுக்கு வெளியிலேயே இருக்கலாம், அந்த ஊர்க் குளிர் போதும். பிரிக்காத பாட்டில் மட்டும் ஃபிரிட்ஜில், ஃபிரீசரை ஒட்டாமல் இருக்கட்டும். ஆறு நாளுக்குப் பன்னிரண்டு நாள் மருந்து, கூடவே மருந்துச் சீட்டு.

போட்டுக்கொண்டபின் அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டிய ஊசி அது. மே மாதம் மலைப்பாதையில் வண்டி மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் இரண்டு மணி நேரமாகிவிடும். வெளியே சாப்பிடும் நாட்களில் இலையில் இட்லி விழுந்த பிறகு ஊசியை எடுங்கள், ஆர்டர் கொடுத்ததும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, எஸ்டேட்டில் இருந்தபோது என் கண்ணால் பார்த்தது. ஒரு சாயங்காலம் விருந்துக்கு வந்திருந்த ஒரு பாட்டியை மூன்று கம்பளி போர்த்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளிரில் நடுங்குகிறார், பேச்சுக் குழறுகிறது என்றார்கள். நெற்றியைத் தொட்டால் சொதசொதவென்று வேர்வை. குளிர் அடித்தால் வேர்க்காது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு, பேரன்களோடு மேடும் பள்ளமுமாக வியூ பாயின்ட் வரை நடந்துவிட்டு வந்திருக்கிறார். சர்க்கரை 48. குளூக்கோஸ் ஏற்றியதும், "யாருடா எனக்கு இத்தனை போர்வை போட்டது?" என்று கேட்டார்.

சமவெளியில் கோயிலுக்கு நடப்பது வேறு, கோத்தகிரிச் சரிவில் நடப்பது வேறு. அதே தூரத்துக்குச் சர்க்கரை அதிகம் இறங்கும். நடுக்கம், வேர்வை, குழப்பம் வந்தால் போர்வையைத் தேடாமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். தன்னால் விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை பார்க்கும் மெஷினையும் ஜன்னலோரம் குளிரில் போட்டு வைக்காதீர்கள், தப்பாகக் காட்டலாம்.

சர்க்கரை ஏறுவதற்கும் அங்கே வழி இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைக்காரர் வீட்டில் மணிக்கொரு டீ வரும். வருக்கி வரும். பக்கத்து வீட்டுப் படகர் குடும்பம் எண்ணெ ஹிட்டு என்ற இனிப்புப் பலகாரம் கொண்டுவந்து கொடுக்கும், வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஒன்று சாப்பிடட்டும். டீயில் மட்டும் சர்க்கரை போட வேண்டாம் என்று தங்கையிடம் முதல் நாளே நீங்களே சொல்லிவிடுங்கள், அத்தை கூச்சத்தில் சொல்லமாட்டார்.

கரி அடுப்பு

மேலே சொன்ன எதையும் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள். கதவு ஜன்னலைச் சாத்திய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கக் கூடாது. ஒரு ராத்திரிகூடக் கூடாது, கொஞ்ச நேரம் என்றும் கூடாது. தங்கை அன்பாகச் சொல்கிறார், தெரியும். கரி புகையாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். மலையூர்களில் அறைக்குள் கரியை மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் வாங்கிய அந்த விரல் மீட்டர் இதில் கைகொடுக்குமா என்றால், நேர்மாறாக ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணி 98 காட்டும்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான். காற்றுப்போக்கு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாளியில் பிடித்துக்கொண்டு கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் அதை மலைக்குளிர் என்று நினைக்காமல் எல்லோரும் முதலில் வெளியே வாருங்கள்.

மே மாதக் கோத்தகிரிக்குக் கரி அடுப்பே தேவையில்லை. பகலில் நம் ஊர் மார்கழிக் காலைபோல இருக்கும். இரவில் ஒரு கம்பளி, ஒரு ஸ்வெட்டர், தலைக்கு ஒரு குல்லா போதும்.

பிராந்தியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடித்ததும் சூடாக இருப்பதுபோலத் தெரிவது உண்மை. தோலுக்கு இரத்தம் அதிகம் பாய்வதால் வரும் சூடு அது, உடம்பின் உள்சூடு அதன் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். இன்சுலின் போடுகிறவருக்கு நடு ராத்திரியில் சர்க்கரை இறங்கவும் வழி செய்யும். அத்தை பெயரைச் சொல்லி வாங்கப்படும் பிராந்தி கடைசியில் யாருக்குப் போகும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கணவரிடம் சொல்லுங்கள், மறுநாள் மலைப்பாதையில் ஸ்டீயரிங் அவர் கையில்தான் இருக்கிறது.

பையனின் வாந்தி

உங்கள் திட்டத்தில் மூன்று விஷயம், மூன்றுமே தலைகீழ். வண்டி வளைவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது, கண்ணோ அசையாத போன் திரையைப் பார்க்கிறது. இரண்டும் மூளைக்கு வேறு வேறு சேதி அனுப்ப, மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. படுத்துக்கொண்டு கேம் விளையாடினால் வாந்தி வராமல் என்ன செய்யும்? பின்சீட்டில் நடுவில், பெல்ட் போட்டு, முன்கண்ணாடி வழியாக ரோடு தெரியும்படி உட்காரட்டும். அடுத்த கொண்டை ஊசி எப்போது வரும் என்று அவனை எண்ணச் சொல்லுங்கள்.

வெறும் வயிறும் வாந்தியைக் கூட்டும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, எண்ணெயும் சாம்பாரும் அதிகமில்லாமல். காரில் தொங்கும் வாசனை டப்பாவைக் கழற்றிவிடுங்கள், பாதிக் குழந்தைகளுக்கு அதுதான் எதிரி. ஜன்னலை இறக்கிவிடுங்கள். இஞ்சி மிட்டாய் தரலாம்.

வீட்டில் இருக்கும் வாந்தி மாத்திரை என்று நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஒண்டான்செட்ரான் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு நல்லது, பயண வாந்திக்கு அவ்வளவாக எடுபடாது. இதற்குப் பிரோமெத்தசின் போன்ற வேறு வகை மருந்து இருக்கிறது. பையனின் எடைக்கு எவ்வளவு என்று குழந்தை டாக்டரிடம் எழுதி வாங்கி, மலை ஏறுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கியபின் கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரும் மருந்து அது. கார் ஓட்டுகிறவர் தொடக் கூடாது.

இந்தத் தொந்தரவு இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை அதிகம், ஒன்பது பத்து வயதில் உச்சம், அப்புறம் பெரும்பாலும் தானாகக் குறையும். அவனைக் கேலி செய்யாதீர்கள், போன தடவைக் கதையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டும் வராதீர்கள். கணவர் எவ்வளவு நிதானமாக வளைக்கிறாரோ அவ்வளவு நல்லது. மலைக்கு இதுவரை வண்டி ஓட்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும், அது சட்டம். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். மூன்று மணிக்கு எழுந்து முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு உடனே மலையேற வேண்டாம். முதல் நாள் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ தூங்கிவிட்டு, காலையில் ஏறலாம்.

நீலகிரிக்குள் வெளி வண்டி வர இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இருக்கிறது. 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். கிளம்பும் வாரம் என்ன நிலவரம் என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள், முடிந்தால் செவ்வாய் புதனில் ஏறுங்கள். சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரி பாதை என்று போக்குவரத்தை மாற்றிவிடுவதும் உண்டு. தங்கை கணவரிடம் முதல் நாள் கேட்டுக்கொண்டால் போதும்.

ஆறு நாள்

தங்கலாம், தாராளமாகத் தங்குங்கள். ஏழு வருஷம் காத்திருந்தவருக்கு ஆறு நாள் அதிகமா? நான் டாக்டர், பஞ்சாயத்துக்காரன் இல்லை, இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். கோடையில் மலையிலும் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு, நாலு பேர் கூடுதலாகக் குளித்தால் அந்த வீட்டுத் தொட்டிக்குத் தெரியும். உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் அரிசியும் பருப்பும் வேகத் தாமதமாகும், கேஸ் கூடச் செலவாகும். போகும்போது பருப்பு, எண்ணெய், நம் ஊர்க் கருவாடு, காரச்சேவு எல்லாம் கட்டிக்கொண்டு போங்கள். இரண்டு நாள் பகலில் கோடநாடு, குன்னூர் என்று நீங்களே கிளம்பிவிடுங்கள், தங்கைக்கும் கொஞ்சம் கால் நீட்ட நேரம் கிடைக்கும். ஒரு வேளைச் சமையலை அத்தையிடம் விடச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவரைப் போன்றவர்களுக்குக் கஷ்டம். வெங்காயம் கொடுத்து உரிக்கச் சொன்னால் அன்றே அது சொந்த வீடாகிவிடும்.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், மலைக்குப் போய்வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் உண்டு, கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கருப்பு வடு இருக்கலாம். நேரத்தில் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் கேட்கும்.

கடைசியாக அத்தையின் கால். பதினான்கு வருஷச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கினாலோ, வெந்நீரில் கால் ஊறவைத்தாலோ சுட்டது தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும். ஈரப் புல்லில் நடந்தால் அட்டை ஏறியதும் தெரியாது. தினமும் படுக்கும்முன் நீங்களோ பேரனோ பாதத்தைப் பார்த்துவிடுங்கள். குளிருக்குக் கம்பளிக் காலுறை போதும், இறுக்கமாக இல்லாமல், உள்தையல் உறுத்தாததாகப் பார்த்து வாங்குங்கள். ஆக்சிஜன் கேனைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களா என்று இன்றே பாருங்கள். அந்த 900 ரூபாய்க்கு நல்லதாக மூன்று ஜோடி வரும்.